நாக்குத் தோல் தேடி நெய்வேலிக்கு

கடல் கடந்தவர்கள் மட்டுமே பயணக் கட்டுரை எழுத வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை என்பதை முதற்கண் நிறுவிவிட விரும்புகிறேன். கல்லூரியில் என்னோடு பட்டிமன்ற மேடை ஏறியவர்களில் ஒருவன் கொழும்புக்குப் பேசப் போனான். இன்னொருவன் கோலாலம்பூருக்குப் போனான். என்னை நெய்வேலிக்கு அனுப்பினார்கள். கோவில்பட்டிக்கு மேற்கே, குடத்துத் தண்ணீரை அளந்து குடிக்கும் கரிசல் ஊரில் பிறந்த எனக்கு அதுவே வெளிநாடாகத்தான் இருந்தது. அங்கே குடியிருப்புகளுக்குப் பெயர் இல்லை, எண் இருந்தது. சாலைகள் அளவுகோல் வைத்துக் கிழித்தவை. ஊர் முழுவதும் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உண்டு, சங்கு ஊதினால் உறங்கியது.

அப்போது நான் கால்நடைத் தடுப்பூசி தயாரிக்கும் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகப் பிரசார உதவியாளன். கால்நடைகளைப் பற்றி எனக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அவற்றுக்கு நான்கு கால்கள் உண்டு என்பதே. ஆனால் பேச்சுப் போட்டிகளில் மூன்று சுழற்கோப்பைகளை வென்றிருந்தேன். நேர்முகத் தேர்வில் கோமாரி ஒழிப்பைப் பற்றி இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். பதினான்கு நிமிடம் பேசினேன். என்னை நிறுத்துவதற்காகவே வேலையைக் கொடுத்தார்கள் என்று பின்னாளில் டாக்டர் வேதமாணிக்கம் சொன்னார். அவர்தான் இந்தப் பயணத்தில் என் மேலதிகாரி. ஒரு நாளைக்கு இருபது சொற்களுக்கு மேல் செலவழிக்காதவர்.

எங்கள் காரியம் இதுதான். மாட்டின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் எழுப்பும் கோமாரிக்குக் காரணமான வைரஸ் ஒரே வகையானதன்று. ஒரு வகைக்குப் போட்ட ஊசி இன்னொரு வகையைத் தடுக்காது. ஒரே வகைகூடச் சில ஆண்டுகளில் தன்னைச் சற்றே மாற்றிக்கொண்டால் பழைய ஊசி பாதி வேலைதான் செய்யும். சென்ற ஆண்டு நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில் ஊசி போட்ட மாடுகளும் நோயில் படுத்தன. ஆகவே ஆய்வுக்கூடம், பழைய ஊசிக்கு மேல் போடுவதற்காகப் புதிதாக இரண்டு ஊக்க ஊசிகளை உருவாக்கி வைத்திருந்தது. மாறிவிட்ட இரண்டு வகைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இரண்டையும் போடும் அளவுக்கு மருந்து இல்லை. அந்த வட்டாரத்தில் உலவுவது எது என்று தெரிந்தால்தான் எதை அனுப்புவது என்று முடிவு செய்யலாம். அதைத் தெரிந்துகொள்ள, நோய் கண்ட மாட்டின் நாக்கிலிருந்து உரியும் தோல் வேண்டும். அதுவும் கொப்புளம் உடைந்த ஓரிரு நாளுக்குள். நோயை மறைக்காமல் காட்டும்படி மாட்டுக்காரர்களிடம் பேசுவது என் வேலை. தோலை எடுப்பது டாக்டரின் வேலை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஓர் ஐஸ் பெட்டி இருந்தது.

முதல் நாளே ஒரு விவாதத்தில் வென்றேன். அதன் பயனாகச் சுரங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

டாக்டர் நேரே கால்நடை மருந்தகத்துக்குப் போய்விட, ஐஸ் பெட்டியோடு நான் தங்கும் விடுதியைத் தேடிப் புறப்பட்டேன். நிலக்கரி நிறுவனத்தின் பேருந்து ஒன்று வந்து நின்றது. "பாஸ் இருக்குதா சார்? இது ஷிப்ட் வண்டி" என்று தடுத்தார் ஒருவர். நான் படிக்கட்டில் ஒரு காலை ஊன்றினேன். இப்பேருந்து பொதுத்துறையின் உடைமை; பொதுத்துறை பொதுமக்களின் உடைமை; நான் பொதுமக்களில் ஒருவன்; எனவே என் உடைமையில் ஏற எனக்கே தடையா என்று வினவினேன். உள்ளேயிருந்து இரண்டு பேர் கைதட்டினார்கள். தலையில் மஞ்சள் தொப்பி அணிந்த ஒருவர், "ஏத்திக்குங்கண்ணே, ஷிப்டுக்கு லேட் ஆவுது. இவரு எறங்க மாட்டாரு" என்றார். ஏற்றிக்கொண்டார்கள். பேருந்து எந்தக் குடியிருப்புப் பக்கமும் திரும்பாமல் நேரே போய்ச் சுரங்க வாயிலில் நின்றது. எல்லாரும் இறங்கி உள்ளே போனார்கள். முந்தைய ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வந்தால்தான் வண்டி திரும்பும் என்று ஓட்டுநர் அன்போடு தெரிவித்தார்.

காத்திருந்த நேரத்தில் பள்ளத்தைப் பார்த்தேன். ஒரு மாவட்டத்தையே தோண்டி எடுத்துவிட்டுப் படிகள் கட்டியது போலிருந்தது. சக்கரத்தைச் சுற்றி வாளிகளைக் கோத்த எந்திரம் ஒன்று மண்ணை மென்றுகொண்டிருந்தது. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது தண்ணீர். அடியிலுள்ள ஊற்று பொங்கிச் சுரங்கத்தை மூழ்கடிக்காதபடி இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். இறைத்த நீர் கால்வாயில் நுரைத்து ஓடியது. எங்கள் ஊரில் அந்தக் கால்வாய் ஒரு நாள் ஓடினால் அதற்குக் கோயில் எழுப்பிவிடுவார்கள். இங்கே ஒருவர் அதில் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் வியந்து முடிப்பதற்குள் என் பெட்டியிலிருந்த ஐஸும் நீராகி அந்தக் கால்வாயோடு கலக்கத் தயாராகிவிட்டது.

அன்றிரவு விடுதியில் டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "காலையில குள்ளஞ்சாவடி போயிட்டு வாங்க" என்றார். திட்டுவதற்குக்கூடச் சொல் செலவழிக்காத மனிதர்.

மறுநாள் குள்ளஞ்சாவடிச் சந்தைக்குப் போனேன். கடலூரிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்களிடம்தான் ஐஸ் கிடைக்கும். ஒரு கூடைக்கார அம்மாள் வஞ்சிரத்தைச் சற்றே நகர்த்திவிட்டு அடியிலிருந்த ஐஸை அள்ளிப் பெட்டியில் போட்டார். திரும்பும் பேருந்தில் என்னைச் சுற்றி நான்கு இருக்கைகள் காலியாகவே இருந்தன. "மீனு விக்கிறதுக்கு பேன்ட் போட்டுக்கினு வந்துட்டாங்கப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. நான் நாடறிந்த நாவலன் என்பதை அந்தக் குரலுக்கு எப்படி உணர்த்துவது?

மதிய உணவு, விடுதியின் மெஸ்ஸில். எல்லா மாவட்டத்துக்காரர்களும் உண்ணும் இடமாகையால் அங்கே எந்த உணவும் எவருக்கும் சொந்தமில்லை. அடுத்த மேசையில் இரண்டு மலையாளப் பொறியாளர்கள் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன். "இது சாம்பாரா, ரசமா?" "தெரியாது. தஞ்சாவூர்க்காரரும் மதுரைக்காரரும் பேசிச் சமரசத்துக்கு வந்திருக்கிறார்கள்." உணவுக்குப் பின் வெளியே விற்ற முந்திரிப் பழங்களில் நான்கைந்தை ருசித்தேன். எங்கள் பக்கம் காணக் கிடைக்காத கனி. நிறமும் மணமும் மயக்கின. அது தொண்டையைப் பிடித்துக்கொள்ளும் என்பதை எவரும் சொல்லவில்லை.

அன்று மாலை மனமகிழ் மன்றத்தில் ஓர் ஆண்டு விழா. வரவேண்டிய பேச்சாளர் வரவில்லை. செய்தி என் காதுக்கு எட்டியது என்பதைவிட, என் காது அதைத் தேடிப் போனது என்பதே உண்மை. டாக்டர் தயங்கித் தலையசைத்தார். வழக்கத்துக்கு மாறாக மூன்று வாக்கியங்கள் பேசினார்: "பத்து நிமிஷத்துக்கு மேல வேண்டாம். இவங்க எல்லாரும் பக்கத்து ஊர்ப் பால் வாங்கறவங்க. கோமாரி மனுஷனுக்கு வராது, காய்ச்சின பாலால கெடுதல் இல்லைன்னு மட்டும் மறக்காம சொல்லிடுங்க."

மறக்கவில்லை. அதை முத்தாய்ப்பாக வைத்துக்கொள்வோம் என்று இறுதிக்கு ஒதுக்கினேன்.

'வேடம் மாறும் பகைவன்' என்ற தலைப்பில் ஒரு மணி நேரம் பேசினேன். முந்திரிப் பழத்தின் கைங்கரியத்தால் என் குரலில் ஒரு கரகரப்பு ஏறியிருந்தது. அதை அவையினர் உணர்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள். சென்ற ஆண்டின் ஊசி இந்த ஆண்டின் பகைவனை அடையாளம் காணாது என்ற உண்மையை, மூன்று உவமைகளிலும் ஒரு புறநானூற்றுப் போர்க்களத்திலும் வைத்து விளக்கினேன். பிறகு உச்சத்தை நெருங்கினேன். "பகைவன் பசுவின் நாவிலே பதுங்குகிறான்" என்றேன். மோனை என்னை இழுத்தது. "பாலிலே பயணம் செய்கிறான்! பச்சிளங் குழந்தையின் படுக்கையருகே பல்லிளித்து நிற்கிறான்!"

அது பொய். பொய் என்று அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் பகரம் வரிசையாக வந்து நிற்கும்போது எந்தப் பேச்சாளன் அதைத் திருப்பி அனுப்புவான்? அரங்கம் அதிர்ந்தது. கைதட்டல் உச்சத்தில் இருக்கும்போதே இறங்கிவிட வேண்டும் என்பது நான் பயின்ற மேடைக்கலை. இறங்கிவிட்டேன். முத்தாய்ப்பு என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

"நாளைக்குச் சீக்கிரம் எழுந்துக்கணும்" என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்கு, குடியிருப்புக்குள் நுழையும் சாலையோரத்து மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் பால் கேன்களோடு உட்கார்ந்திருந்தார்கள். கேன்கள் நிறைந்திருந்தன. அந்த நேரத்துக்கு அவை காலியாகி வீடு திரும்பியிருக்க வேண்டியவை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் எழுந்து வந்தார். விருத்தாம்பாள். நகரியத்தின் வேலியை ஒட்டிய ஊர்க்காரர். ஒரே ஒரு செவலைப் பசுவை வைத்து ஒன்பது வீடுகளுக்குப் பால் ஊற்றுபவர்.

"பேசனது இவுருதானா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். "பாத்தா இப்பத்தான் பால்குடி மறந்த புள்ள மாரி இருக்குறாரு. இம்மாம் பெரிய வாயை எங்க வெச்சிக்கினு இருந்தாரு?"

விருத்தாம்பாள் சிரிக்கவில்லை. "தம்பி, எம்மாட்டுப் பாலைக் குடிச்சு எந்தப் புள்ள செத்துது? பேரைச் சொல்லு."

"அம்மா, அதை நான் உருவகமாகச் சொன்னேன்."

"இன்னாவா சொன்ன?"

"உருவகமாக."

"அப்ப அந்த உருவகத்தக் கொண்டும்போயி ஒம்பது வூட்டுலயும் நீயே ஊத்திட்டு வா."

வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு விவாதத்தின் நடுவிலேயே நான் திரும்பி நடந்தேன். தொண்டை கரகரப்பு ஒரு காரணம் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நண்பகலில் டாக்டரும் நானும் அந்த ஊருக்குப் போனோம். எந்த வீட்டிலும் எந்த மாட்டுக்கும் எந்த நோயும் இல்லை என்றார்கள். தலைவலிகூட இல்லை என்றார் ஒருவர். விருத்தாம்பாள் வீட்டுக் கொட்டகைக்குக் கீற்றுத் தட்டி போட்டு மூடியிருந்தது. தட்டிக்குப் பின்னாலிருந்து, யாரோ வெல்லத்தைச் சப்புவது போன்ற ஓசை விட்டுவிட்டு வந்தது. டாக்டர் நின்றார். நாக்குக் கொப்புளத்தின் வலியில் மாடு எழுப்பும் ஓசை அது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். "காலையில பால் கறந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சிருக்கும். நாளைக்குச் சாயந்தரம் வரைக்கும் தோல் இருக்கும். அதுக்கப்புறம் பிரயோஜனமில்லை."

அதற்குள் அக்கம்பக்கத்தவர் கூடிவிட்டார்கள். "போன வருசமும் ஊசி போட்டீங்க. போட்ட மாடுந்தான படுத்துது? இப்ப எதுக்கு இன்னொண்ணு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நுண்ணுயிரின் புறவமைப்பிலிருந்து தொடங்கினேன். கால் மணி நேரத்தில் கூட்டத்தில் பாதி கலைந்தது. மீதி என்னை அனுதாபத்தோடு பார்த்தது.

அப்போது ஷிப்ட் முடித்துச் சைக்கிளில் வந்து இறங்கினார் விருத்தாம்பாளின் கணவர் கலியபெருமாள். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. "மாமா, நான் சொல்றேன் கேளு" என்றார் பெரியவரிடம். "எங்க கேட்டுல வாட்ச்மேன் இருக்கான் இல்ல? 'மீசை வெச்சவன் ஒருத்தன் இரும்பு திருடறான், உள்ள வுடாத'ன்னு அவங்கிட்ட சொல்லி வெச்சாங்க. திருடன் மீசைய மழிச்சிக்கினு வந்தான். வாட்ச்மேன் சலாம் போட்டு உள்ள வுட்டுட்டான். போன வருசம் ஊசி அதான். இப்ப புது மூஞ்சிய அவனுக்குக் காட்டணும். அது எந்த மூஞ்சின்னு தெரியத்தான் இவங்க தோலு கேக்குறாங்க."

"அப்ப வாட்ச்மேன் மேல தப்பில்லன்ற?"

"அவன் மேல இன்னா தப்பு? அவனும் காண்ட்ராக்டு."

ஊர் சிரித்தது, புரிந்துகொண்டது. ஒரு மணி நேரத்தில் நான் ஆயிரம் பேரைக் குழப்பியதை அவர் ஒரு மீசையை மழித்துத் தீர்த்துவிட்டார். அந்த உவமையை அதன் பிறகு பல மேடைகளில் பயன்படுத்தியிருக்கிறேன். பெயர் சொல்லிப் பயன்படுத்துவது இதுவே முதல் முறை.

"பாத்தியா, காட்டிடு" என்றார் கலியபெருமாள் மனைவியிடம்.

விருத்தாம்பாள் தட்டியின் முன்னால் நின்றார். "இருக்குதுன்னும் சொல்ல மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன். மாடு படுத்தா மூணு வாரம் பால் இல்ல. இந்தாளு வேலை இருந்தா இருக்குது, இல்லாட்டி இல்ல. எனக்கு அந்த ஒம்பது வூடுதான் பர்மனன்ட்டு. மூணு வாரம் கழிச்சும் எங்கிட்டயே பால் வாங்குவோம்னு அந்த ஒம்பது வூட்டுலயும் எழுதி வாங்கிக்கினு வரட்டும் இந்தத் தம்பி. அப்பறம் தொறக்கறேன்."

தட்டிக்குப் பின்னால் மாடு மறுபடியும் சப்புக்கொட்டியது. எல்லாரும் கேட்டோம், எவரும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மாலையில் குடியிருப்புக்குள் போனேன். முதல் கதவைத் தட்டியவுடனேயே வீட்டுக்காரர் ஒரு தாளை என் முன் நீட்டினார். தட்டச்சு செய்த தாள். தலைப்பு: வேடம் மாறும் பகைவன். என் பேச்சு, சொல் பிசகாமல், ஆச்சரியக்குறிகளோடு! 'படித்தபின் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும்' என்று அடியில் ஒரு குறிப்பு. மற்ற ஊர்களில் ஒரு பேச்சாளன் சொன்னது காலைக்குள் காற்றோடு போய்விடும். இங்கே முதல் வரிசையிலேயே ஒரு சுருக்கெழுத்தர் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

ஸ்டெனோ சண்முகம் என்றார்கள். தேடிப் போனேன். அவரும் ஒன்பது வீடுகளில் ஒருவர். என்னைக் கண்டதும் கையைப் பற்றிக்கொண்டார்.

"கோயில்பட்டியாமே? நான் சங்கரன்கோயில்லா! நம்ம பக்கத்துப் பேச்சுன்னா சும்மாவா? ஒரு கமா விடலை, பாத்துக்கிடுங்க. அஞ்சு கார்பன் போட்டேன். கடைசி காப்பி மங்கல்தான், ஆனா படிச்சிரலாம்."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. தாளை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இதில எந்த வரி பொய்ங்கிய?"

"பாலிலே பயணம் செய்து குழந்தையருகே வந்து நிற்கிறான் என்பது."

"அது நல்லால்லா இருக்கு! அத எடுத்தா பத்தியே விழுந்துரும்வே."

நான் வாதிட்டேன். நோயின் இயல்பை எடுத்துரைத்தேன். அவர் என் வாதம் ஒவ்வொன்றுக்கும் என் பேச்சிலிருந்தே ஒரு வரியைப் படித்துப் பதில் சொன்னார். ஐயமிருந்தால் ஆபத்தைத் தவிர்ப்பதே அறிவு என்று நானே சொல்லியிருந்தேன். அலட்சியம் செய்பவன் அழிவுக்கு அழைப்பிதழ் அனுப்புகிறான் என்றும் சொல்லியிருந்தேன். கல்லூரியில் ஒரே தலைப்பை ஒட்டியும் வெட்டியும் பேசிப் பழகியவன் நான். ஆயினும் என்னை எதிர்த்து நானே பேசியபோது படுதோல்வி அடைந்தேன்.

அடுக்களையிலிருந்து அவர் மனைவி பார்வதி வந்தார். "பத்தி விழுந்தா விழட்டும். காலையிலேருந்து காப்பிக்குப் பால் இல்ல, நான்தான் விழப்போறேன். தம்பி, அந்தப் பால்ல ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொன்னாராக்கும்?"

"சொன்னார்."

"உங்ககிட்ட எப்பம் சொன்னாரு?"

"பேசுவதற்கு முன்னால்."

பார்வதி கணவரைப் பார்த்தார். "மெஷினை எடுங்க."

நான் சொல்ல, அவர் தட்டச்சு செய்தார். "பேரன்பும் பெருமதிப்பும்" என்று தொடங்கினேன். "அதெல்லாம் வேண்டாம்" என்றார் பார்வதி. "காலத்தின் கோலத்தால்" என்றேன். "அதுவும் வேண்டாம்." எஞ்சியது இவ்வளவுதான்: கோமாரி மனிதருக்கு வராது. காய்ச்சிய பாலால் கெடுதல் இல்லை. நான் மேடையில் சொன்னது பொய். விருத்தாம்பாளின் பசுவுக்கு நோய் வந்தால் அவர் அதை மறைக்காமல் காட்டினால்தான் மற்ற மாடுகளுக்குச் சரியான ஊசி வரும். பசு தேறிய பின் அவரிடமே பால் வாங்குவதாகக் கீழே கையெழுத்திடுகிறோம்.

சண்முகம் கையை நிறுத்தினார். குரலைத் தணித்துக்கொண்டு, "தெரியாம சொன்னேன்னு ஒரு வார்த்தை சேத்துக்கிடலாமா? உமக்கும் மரியாதையா இருக்கும்" என்றார்.

நல்ல மனிதர். என் மூன்று சுழற்கோப்பைகளையும் ஒரே சொல்லால் காப்பாற்ற முன்வந்தார். நானும் ஆமென்று சொல்லத்தான் வாயெடுத்தேன். பார்வதி அடுக்களைக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் எப்போது சொன்னார் என்று என்னைக் கேட்டவர் அவர்தான்.

"தெரிந்தே சொன்னேன் என்று போடுங்கள்" என்றேன்.

மெஷின் நான்கைந்து முறை தட்டிவிட்டு ஓய்ந்தது. கையெழுத்திட்டேன். சண்முகம் தம்பதி எனக்குக் கீழே கையெழுத்திட்டார்கள்.

நான்காம் நாள் காலை மீதி எட்டு வீடுகள். மேடையில்லை, ஒலிபெருக்கியில்லை. வாசல் கதவு அரையடி திறக்கும். அந்த அரையடிக்குள் சொல்லி முடிக்க வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாள் ஒருவர், "ஏனுங்க, இத்தனை பெரிய பேச்சாளர் வூடு தேடி வந்திருக்கீங்க, போடாம இருப்பனுங்களா?" என்று காப்பி கொடுத்து, இரண்டு வரி நீளத்துக்குக் கையெழுத்திட்டார். அந்தக் காப்பி, கடையில் வாங்கிய பாட்டில் பாலில் போட்டது என்பதை நான் கவனித்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கியவரை எழுப்பிவிட்டேன். அவர் என்னைத் துரத்துவதற்காகவே கையெழுத்திட்டார். மூன்று வீடுகள் மறுத்தன. அவற்றில் ஒன்றில் ஓர் இளம் தாய், தோளில் மூன்று மாதக் குழந்தை. தாளை இரண்டு முறை படித்தார்.

"நீங்க இப்ப சொல்றது நெஜமாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா மொதல்ல சொன்னதும் நீங்கதானே?"

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. என் பேச்சுக்கு இதுவரை கிடைத்த விமரிசனங்களில் இதைவிடத் துல்லியமானது இல்லை.

பிற்பகல் மூன்று மணிக்குத் தாளோடு அந்த ஊருக்குப் போனேன். டாக்டர் ஏற்கெனவே அங்கே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். மீண்டும் ஐஸ் நிரப்பிய பெட்டியிலிருந்து மீன் வாடை வந்துகொண்டிருந்தது. விருத்தாம்பாள் படிக்கச் சொன்னார், படித்தேன்.

"இம்மாந்தானா? இதச் சொல்றதுக்கா ஒரு மணி நேரம் பேசன?" என்றார். பிறகு, "எத்தினி வூடு?"

"ஆறு."

அவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்து, கையெழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஆறுதான்.

"டாக்டரய்யா, தோலு எடுத்தா எம்மாட்டுக்கு நல்லதுங்களா?"

டாக்டர் எழுந்து நின்றார். அங்கே ஒரு சின்னப் பொய் எவ்வளவு உதவியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தால் நான்கு சொல்லியிருப்பேன்.

"இல்லைம்மா. உங்க மாட்டுக்கு வர வேண்டியது வந்துடுச்சு. மருந்து தடவுறேன், புண்ணு ஆறும். ஊசி மத்த மாட்டுக்குத்தான்."

விருத்தாம்பாள் எதிர்வீட்டைப் பார்த்தார். அங்கே ஓர் உழவு ஜோடி நின்றுகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் ஈன்று பத்து நாளான ஒரு பசு. நேற்று என்னைப் பார்த்து, பால்குடி மறந்த பிள்ளை என்றவளுடையது.

"அவ கன்னு நேத்துதான் துள்ள ஆரம்பிச்சுது" என்று சொல்லிக்கொண்டே தட்டியை விலக்கினார்.

செவலை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறுகயிறாகத் தரையைத் தொட்டது. "நாக்கைப் பிடிச்சுப் பக்கவாட்டுல இழுத்து வெச்சுக்குங்க" என்றார் டாக்டர் என்னிடம். "பேசாதீங்க, மிரளும்." மாட்டின் நாக்கு இவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியாது. சொரசொரப்பாக, சுடச்சுட, என் இரண்டு கைகளிலும் நழுவியது. எச்சில் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது. நனைந்த காகிதம் போல் மேல்தோல் தளர்ந்திருந்தது. டாக்டர் இடுக்கியால் கட்டைவிரல் நகத்தளவு வெண்தோலை உரித்துக் கிளிசரின் கலந்த நீரில் போட்டு மூடினார். விருத்தாம்பாள் மாட்டின் நெற்றியைத் தடவியபடி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். எல்லாம் இரண்டு நிமிடம். நான் ஒரு சொல் பேசவில்லை.

தோல் அன்று மாலையே புறப்பட்டது. ஒரு வாரத்தில் தந்தி வந்தது. ஆங்கிலத்தில் நான்கே சொற்கள்: இரண்டாவது மருந்து, உடன் அனுப்புகிறோம். அது வந்து சேர்ந்து நாங்கள் மீண்டும் அவ்வூருக்குப் போனபோது ஏறத்தாழ மூன்று வாரம் ஆகியிருந்தது. நோய் அதற்குள் தெருவின் கீழ்க்கோடியில் நான்கு கொட்டகைகளைத் தொட்டிருந்தது, மற்றவற்றைத் தொடவில்லை. எதிர்வீட்டு ஜோடி, பக்கத்து வீட்டுப் பசு, அதன் கன்று எல்லாம் வரிசையில் நின்றன. "ஊசியில விருத்தாம்பா மாட்டு எச்சி இருக்குதாம்டி. போட்டா நம்ம மாடும் அவள மாரியே சண்டை போடும்" என்று ஒரு குரல் கேட்டது. யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. மூக்கணாங்கயிற்றைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தேன். ஒரு காளை என் காலை மிதித்தது. அது ஊசிக்கு எதிரான கருத்துடையது போலும்.

மறுநாள் காலை விருத்தாம்பாள் மீண்டும் பால் கொண்டு புறப்பட்டார். நானும் கூடப் போனேன். கேனைத் தூக்கிக்கொள்கிறேன் என்றேன்; வேண்டாம் என்றார். ஆறு கையெழுத்துகளும் என் சட்டைப்பையில் இருந்தன.

ஸ்டெனோ வீட்டு வாசலில் பார்வதி பாத்திரத்தோடு முன்னாலேயே காத்திருந்தார். துரத்துவதற்காகக் கையெழுத்திட்டவர் கொட்டாவி விட்டபடி சொம்பை நீட்டினார். மேலும் மூன்று வீடுகள் சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வரி நீளத்துக்குக் கையெழுத்திட்ட கோயம்புத்தூர் அம்மாள், ஜன்னல் வழியாக, "பாட்டில் பாலே பளகிப் போச்சுங்க" என்றார். மறுத்த வீடுகள் இரண்டு கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது வீட்டில் அந்த இளம் தாய், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஒரு பித்தளைக் கிண்ணத்தை நீட்டினார்.

ஆறு வீடு. ஆனால் நான் எழுதி வாங்கிய ஆறு அல்ல.

சாலைக்கு வந்ததும் எனக்குள் பழைய இரத்தம் சூடேறியது. மூன்று வீடுகள்! ஒரே ஒரு வாய்ப்பு! "அந்த மூன்று வீட்டிலும் நான் ஒரு முறை பேசிப் பார்க்கட்டுமா?" என்றேன்.

விருத்தாம்பாள் நின்றார். கேனின் மூடியைத் திறந்து, என் முன்னாலேயே கவிழ்த்துக் காட்டினார். அடியிலிருந்து இரண்டு சொட்டு விழுந்தது.

"செவலை பாதிதான் கறக்குது தம்பி. இனிமே முன்ன மாரி கறக்காதுன்னு டாக்டரய்யா சொல்லிட்டாரு. அந்த மூணு வூடும் ஏனத்தை நீட்டியிருந்தா நான் இன்னாத்த ஊத்தியிருப்பேன்?"